சின்ன சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்குப் புதிய ஆள் சேர்ப்பது எப்படி?

ஆள் தேடக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகள் எழுதிய ஏட்டை, எடுங்கள். பல சங்கங்களில் அது பதிவான நாளில் பிளாஸ்டிக் உறைக்குள் போனதோடு சரி, மறுபடி வெளியே வந்திருக்காது. எங்கள் சங்கத்திலும் அப்படித்தான். சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் மையம் ஒன்றை நடத்துகிறோம். நான் செயலாளரான நான்காவது மாதம் பொருளாளர் மாரடைப்பில் போய்விட்டார். காசோலையில் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேரில் அவர் ஒருவர். சம்பளத் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. அவசரமாகச் செயற்குழுவை (நிர்வாகக் குழுவைத்தான் அப்படிச் சொல்வோம்) கூட்டி, தெரிந்த ஒருவரைப் பொருளாளராக்கித் தீர்மானம் எழுதி வங்கிக்கு எடுத்துப் போனேன். மேலாளர் எங்கள் பைலாவைப் புரட்டி எனக்கே வாசித்துக் காட்டினார்: காலியிடத்தை, உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பொதுக்குழுதான் நிரப்ப வேண்டும். அவர் சொன்னது சரி. பொதுக்குழுவைக் கூட்டி முடிக்க ஏழு வாரம் ஆனது. அதுவரை ஆசிரியைகளுக்கு ஊர்க்காரர் ஒருவரிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தோம்.

அதனால் இதைப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டில், ஐந்து முதல் பத்துப் பேர் கொண்ட செயற்குழுவோடு ஓடும் சிறிய அமைப்புகளை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில்: நீங்கள் சங்கமா, டிரஸ்டா, கம்பெனியா?

வெளியில் எல்லோரும் 'டிரஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். பதிவுச் சான்றிதழைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்திருந்தால் நீங்கள் சங்கம். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உறுப்பினர் கூட்டத்தில், வந்திருப்பவர்களின் பெரும்பான்மையால் அவர்கள் நியமிக்கப்பட வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் பதவிக்காலம் கிடையாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் தேர்ந்தெடுத்ததாகத் தீர்மானம் இருக்க வேண்டும். இருபது வருடமாக அவர்தான் தலைவர், அதற்கென்ன தனியாகத் தேர்தல் என்று விட்டுவிட்ட சங்கங்கள் நிறைய. ஏதாவது தகராறு வரும் நாளில்தான் அந்த விடுபட்ட தீர்மானங்களுக்கு உயிர் வரும்.

டிரஸ்ட் என்றால் கதை வேறு. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொதுநல அறக்கட்டளைக்கு அதன் பத்திரம்தான் முதல் வழிகாட்டி. புதிய அறங்காவலரை யார் நியமிக்கலாம், அதிகபட்சம் எத்தனை பேர், நிறுவனருக்குப் பிறகு அந்த அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் வக்கீலைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8ஆம் பிரிவில் பதிந்த லாப நோக்கற்ற கம்பெனி என்றால், சேரப்போகிறவருக்கு இயக்குநர் அடையாள எண் வேண்டும். அவர் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் தர வேண்டும். நியமித்த 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது ஆண்டில் 182 நாளாவது இந்தியாவில் இருப்பவராக இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், தம்பி பெயர்களை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

இனி நான் சொல்வது பெரும்பாலும் சங்கத்தை வைத்துத்தான். மற்ற இரண்டுக்கும் ஆள் தேடும் வேலை ஒன்றேதான், காகித வேலைதான் மாறும்.

எந்த இடம் காலி?

'நல்ல மனுஷன், அவரைப் போடலாம்' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து ஒரு தாளை எடுங்கள். இப்போது இருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வயது, பதவிக்காலம் முடியும் நாள், போன வருடம் வந்த கூட்டங்கள், உண்மையில் செய்யும் வேலை ஆகிய நான்கையும் எழுதுங்கள். நாலாவது கட்டம் பாதிப் பேருக்குக் காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லா இடத்திலும் அப்படித்தான்.

எங்கள் தாளில் ஏழு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். ஒரே ஒரு பெண். நாங்கள் நடத்துவதோ சிறப்புக் குழந்தைகள் மையம். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. வருடாவருடம் கூட்டத்துக்கு வந்து வடை சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தாளில் எழுதியபோதுதான் பட்டது.

என் அனுபவத்தில் ஒரு சிறிய குழுவுக்குக் கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் இரண்டு விதம். ஒருவர், கணக்கை வாசிக்கத் தெரிந்தவர். ஆடிட்டர் கொடுத்த ஐந்தாறு தாளைப் பார்த்து 'இந்த முன்பணம் ஏன் மூன்று வருடமாக அப்படியே நிற்கிறது?' என்று கேட்பவர். இன்னொருவர், நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ அந்த மக்களில் ஒருவர். மற்றபடி சட்டம் தெரிந்தவர், அரசு அலுவலக நடைமுறை தெரிந்தவர், நன்கொடை திரட்டத் தெரிந்தவர் எல்லாம் கிடைத்தால் நல்லது.

அப்புறம் 'பெரிய மனிதர்' விஷயம். லெட்டர்பேடில் ஒரு டாக்டர் பெயரோ தொழிலதிபர் பெயரோ இருந்தால் கெத்து என்று யாராவது சொல்வார்கள். கூட்டத்துக்கு வராத பெரிய பெயர் கோரத்தைக் கெடுக்கும், அதாவது கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை. கோரம் இல்லை என்று கூட்டம் தள்ளிப்போகும்போது, அந்தக் கெத்து நன்கொடை எதையும் கொண்டுவராது. அவரிடம் மரியாதை இருந்தால் ஆலோசகர் குழு என்று தனியாக வைத்து, வருடத்துக்கு ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். அவருக்கும் அதுதான் வசதி.

எங்கே தேடுவது?

கணக்குத் தெரிந்தவருக்கு: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், எல்ஐசியில் இருந்தவர்கள், கூட்டுறவுத் துறையிலும் கருவூலத்திலும் வேலை பார்த்தவர்கள். ஓய்வுபெற்ற முதல் வருடத்தில் கேட்காதீர்கள். பேரப்பிள்ளை, யாத்திரை என்று இருப்பார்கள். இரண்டாவது வருடம் காலை பதினோரு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பார்கள். அதுதான் சமயம்.

மக்களில் ஒருவருக்கு: மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பாருங்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்த வேலை மாநிலம் முழுக்கப் பரவி, ஊருக்கு ஊர் ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பில் இருந்த பெண்களை உருவாக்கியிருக்கிறது. தீர்மானம் எழுதுவது, வங்கிக்குப் போவது, கடன் பாக்கி வைத்தவரிடம் முகத்துக்கு நேரே கேட்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். படித்தவர்கள் நிறைந்த பல செயற்குழுக்களை விட அவர்களுடைய மினிட் புத்தகம் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு) ஒழுங்காக இருக்கும். இதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் ரசீதுப் புத்தகத்தையும் புரட்டுங்கள். ஐந்து வருடமாக மாதம் 200 ரூபாய் தவறாமல் தருகிறவர் யார்? அவருக்கு இந்த வேலை மேல் அக்கறை இருக்கிறது. யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை, அவ்வளவுதான். முன்பு தன்னார்வலராக வந்துபோனவர்கள், மையத்தில் படித்துவிட்டுப் போன பிள்ளைகளின் பெற்றோர், பக்கத்து ஊர் கல்லூரியில் சமூகப்பணித் துறை ஆசிரியர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலில் வரலாம். வாட்ஸ்ஆப் குழுவில் 'உறுப்பினர்கள் தேவை' என்று போட்டால் வாழ்த்துக் கைகள் வரும், ஆள் வராது.

யோசித்துச் சேர்க்க வேண்டியவர்கள்

கணவர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர். இந்த அமைப்பு நம் ஊரில் சகஜம். தொடங்கும்போது வேறு யாரும் வராததால் அப்படி ஆகியிருக்கும், தப்பு நோக்கம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது குழுப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரே வீட்டு முகவரி மூன்று முறை வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அமைப்புக்கு வாடகைக்கு இடம் கொடுத்தவர், அரிசி மளிகை போடுகிறவர், வேன் ஓட்டுகிறவர் ஆகியோரைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். பொறுப்பில் இருப்பவரோ அவர் உறவினரோ அமைப்பின் பணத்திலிருந்து முறையற்ற ஆதாயம் அடைந்தால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. சேர்த்தே ஆக வேண்டும் என்றால், அவருடைய தொடர்பை மினிட்டில் பதிவு செய்யுங்கள். வாடகை பற்றிப் பேசும்போது அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எங்களிடம் கட்டட உரிமையாளர் அப்படித்தான் போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை முகம் சுளித்தார். இப்போது தாமாகவே எழுந்துவிடுகிறார்.

பணியில் இருக்கும் அரசு ஊழியர் என்றால், அவர் துறையின் நடத்தை விதிகளில் முன் அனுமதி தேவையா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு உள்ள அமைப்பாக இருந்தால், யாரைச் சேர்ப்பதானாலும் முதலில் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடு வேலை செய்யும் அமைப்பு என்றால், அவர் முன்பு இருந்த இடத்தில் இரண்டு பேரிடமாவது நேரில் விசாரியுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். விசாரிக்கத்தான் வேண்டும்.

கேட்கும் விதம்

'சார், வேலை ஒண்ணும் இருக்காது, சும்மா பேர் மட்டும் போட்டுக்கறோம்.' இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சேர்த்தவர் அதே போலத்தான் இருப்பார். பின்னால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமே கொடுத்த வாக்கு அது.

நேரில் போங்கள். தலைவரும் செயலாளரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. முதல் சந்திப்பில் சேரச் சொல்லிக் கேட்க வேண்டாம். மையத்தை வந்து பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் ஆண்டு விழா நாளில் அல்ல, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. இரண்டாவது சந்திப்பில் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்: வருடத்துக்கு ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், அதற்கு முன் வாசிக்கப் பத்துப் பக்கம், இரண்டு முறை மைய ஆய்வு, பயணச் செலவு நாங்கள் தருவோம் அல்லது தர மாட்டோம். பண உதவி எதிர்பார்க்கிறீர்களா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு நன்கொடைப் புத்தகத்தை நீட்டினால் ஏமாற்றியது போல இருக்கும்.

நாங்கள் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி அம்மாவைக் கேட்கப் போனோம். காபி கொடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: 'தம்பி, பிஎஃப் பாக்கி ஏதாவது இருக்கா? யாராவது கேஸ் போட்டிருக்காங்களா?' எங்கள் தலைவர் நெளிந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவர்தான் நமக்கு வேண்டியவர் என்று. மழுப்பாமல் உள்ளதைச் சொன்னோம். ஒரு வருடக் கணக்கு பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் ஆகாமல் இருந்தது. அதையும் சொன்னோம். அவர் யோசிக்க இரண்டு வாரம் கேட்டார்.

இப்படிக் கேட்பவரிடம் காட்ட ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். பைலா, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, கடைசி ஒரு வருட மினிட் நகல், பணியாளர் பட்டியல், வரி விலக்குச் சான்றிதழ்கள், நிலுவையில் இருக்கும் நோட்டீஸ்கள். கடைசியாகச் சொன்னதை ஒளிக்கத் தோன்றும், ஒளிக்காதீர்கள். இந்தக் கோப்பைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போய் 'ஏதாவது கேள்வி இருக்கா?' என்று கேளுங்கள். திறந்தே பார்க்காதவரை விட்டுவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல நேர்முகத் தேர்வு கிடையாது.

அப்புறம், இரண்டு செயற்குழுக் கூட்டங்களுக்குச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள். ஓட்டு கிடையாது, பேசலாம். நமக்கு அவரைப் பிடிக்கிறதா என்பதோடு, நம்மை அவருக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். எங்களிடம் அப்படி வந்த ஒருவர் இரண்டாவது கூட்டத்தோடு கும்பிடு போட்டுவிட்டார். இரண்டு மூத்தவர்கள் போட்ட சண்டையைப் பார்த்து மிரண்டுவிட்டார், பாவம்.

காகித வேலை

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான பைலாக்களில், சங்கத்தின் உறுப்பினர்தான் செயற்குழுவுக்கு வர முடியும். வெளியிலிருந்து வருகிறவரை முதலில் உறுப்பினராகச் சேர்த்து, சந்தா வாங்கி, ரசீது போட்டு, உறுப்பினர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உறுப்பினராகி இத்தனை மாதம் ஆன பிறகே பொறுப்புக்கு வரலாம் என்று சில பைலாக்களில் இருக்கும். அதனால் செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்குழு என்றால் பிப்ரவரியிலேயே தேட ஆரம்பித்துவிடுங்கள்.

பைலாவில் சொன்னபடி முன்னறிவிப்பு அனுப்புங்கள். நிகழ்ச்சி நிரலில் 'செயற்குழு உறுப்பினர் தேர்வு' என்று தனியாகவே குறிப்பிடுங்கள். 'இதர விஷயங்கள்' என்பதன் கீழ் தேர்தலை நுழைத்தால் நாளைக்கு யாராவது எதிர்க்கலாம். அறிவிப்பு அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். சேரப்போகிறவரிடம் ஒப்புதல் கடிதமும் வாங்குங்கள். தீர்மானத்தை இப்படி எழுதலாம்:

'—— அன்று காலை 11 மணிக்கு நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில், காலியாக உள்ள செயற்குழு உறுப்பினர் பொறுப்புக்குத் திருமதி —— (முகவரி, தொழில்) அவர்களின் பெயரை —— முன்மொழிய, —— வழிமொழிய, வந்திருந்த உறுப்பினர்களின் பெரும்பான்மையால் அவரை நியமிக்கத் தீர்மானிக்கப்பட்டது. பதவிக்காலம் —— முதல் —— வரை.'

காசோலைக் கையெழுத்து மாற்றம் இருந்தால் அதற்குத் தனித் தீர்மானம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள். விலகியவரின் ராஜினாமாக் கடிதமும் அது ஏற்கப்பட்டதற்கான தீர்மானமும் கோப்பில் இருக்க வேண்டும். 'அவரே வராம நின்னுட்டார்' என்பது ராஜினாமா ஆகாது.

செயற்குழு மாற்றத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் 7 மூலம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் கெடு உண்டு. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கும். இந்தப் படிவம் 7ஐ வைத்து இரண்டு கோஷ்டிகள் மோதி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வழக்குகள் ஏராளம். நீங்கள் தாக்கல் செய்யாமல் விட்டால் பதிவாளரின் ஏட்டில் பழைய குழுதான் இருக்கும். சண்டை வருகிற நாளில் அந்த ஏட்டைத்தான் எல்லோரும் நகல் எடுப்பார்கள்.

மற்ற இடங்களிலும் பெயர் மாற வேண்டும்: வங்கி, வருமான வரி இணையதளம், தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளம். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருந்தால், முக்கியப் பொறுப்பாளர் மாற்றத்தை 45 நாளுக்குள் அதற்குரிய தளத்தில் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்குப் பொறுப்பாளர்களின் ஆதார் கேட்கிறார்கள். இந்தியக் குடிமக்கள் பாஸ்போர்ட்டும் காட்டலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதிகள் அடிக்கடி மாறுவதால், தாக்கல் செய்யும் அன்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு

புதியவருக்கு முதல் கூட்டத்திலேயே ஏதாவது ஒரு சின்ன வேலை கொடுங்கள். எங்கள் வங்கி அம்மாவுக்கு ரொக்கப் புத்தகத்தைக் கொடுத்தோம். மாதம் ஒரு நாள் வந்து, கையிருப்பை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதமே 340 ரூபாய் உதைத்தது. ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு வவுச்சர் போட மறந்திருக்கிறார்கள். கணக்கர் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வவுச்சர் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

குழந்தையின் தாய் ஒருவரையும் அதே கூட்டத்தில் சேர்த்தோம். அவர் மூன்று கூட்டம் வாயே திறக்கவில்லை. தப்பு எங்களுடையதுதான். எல்லோரும் தணிக்கை, மானியம், பட்ஜெட் என்று ஒரே வேகத்தில் பேசினால் யார் நடுவில் புகுவார்? நாலாவது கூட்டத்தில் தலைவர் முதல் பொருளாகவே 'மையத்துக்கு வந்துபோவதில் என்ன சிரமம்?' என்று வைத்து, முதலில் அவரைப் பேசச் சொன்னார். வேன் காலையில் எட்டரைக்கு வருகிறது, கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும், அதனால்தான் எட்டுப் பிள்ளைகள் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை என்றார். ஆறு வருடமாக அந்த வேன் எட்டரைக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறது.